வேலியில் தொங்கிய மூடி

வெர்னா ஸ்டக்கிக்கு மூக்கு நுனியில் கோபம் என்று ரோசமண்ட் என்கிற அந்தப் பாலைவன ஊரில் எல்லோரும் சொல்வார்கள். சொல்கிறவர்களில் பாதிப் பேர் அந்தக் கோபத்தைக் கிளப்பிவிட்டு வேடிக்கை பார்த்தவர்கள்தான். பகலில் அவளுக்கு வேலை, போராக்ஸ் என்கிற வெண்காரம் எடுக்கும் சுரங்கத்து எந்திரங்களைப் பழுதுபார்க்கும் பட்டறையில். தேய்ந்துபோன தண்டுகளுக்குப் பதில் புதுத் தண்டு கடைந்து கொடுப்பாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்து, கார் நிறுத்துகிற கொட்டகையில், ஏலத்தில் எடுத்துத் தானே கழுவிப் பூட்டிய லேத்தின் முன்னால் மறுபடியும் நிற்பாள். ஒரு கல்யாணம் பண்ணிப் பார்த்தாள். லேத்தா நானா என்று அவன் ஒருநாள் கேட்டான். இன்றைக்கும் லேத் அதே இடத்தில் இருக்கிறது.

கொட்டகையில் அவள் கடைவது ராக்கெட்டுக்கான உலோகம். அரசாங்க ராக்கெட் இல்லை. பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், பல் டாக்டர், பள்ளிக்கூட வாத்தியார் என்று பலதரப்பட்டவர்கள் மன்றம் சேர்த்துக்கொண்டு, மொகாவி பாலைவனத்தில் சொந்த ஆசைக்கு ஏவுகிற ராக்கெட். பொம்மை என்று நினைத்தால் தப்பு. ஆள் உயர அலுமினியக் குழாய், அதற்குள் மாவு பிசைவதுபோலப் பிசைந்து வார்த்த எரிமருந்து, அடியில் நெருப்பு வெளியேற கிராஃபைட்டில் கடைந்த தொண்டை, மேலே ஒரு கனத்த மூடி. பற்றவைத்தால் அண்ணாந்து பார்ப்பதற்குள் கண்ணுக்கு மறைந்துவிடும். போகவேண்டிய வழியில் போகாவிட்டால் என்ன ஆகும் என்பதில்தான் வெர்னாவின் கவலையும் பகையும் இருந்தன.

குழாயும் மூடியும் தொண்டையும் வெர்னாவின் வேலை. மருந்து பிசைவது அவள் தம்பி ட்வைட். ஊரில் ஏ.சி. பழுதுபார்க்கிறவன். அம்மா ஒருநாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனபோது அவன் இடுப்புக் குழந்தை. அப்பாவுக்குச் சுரங்கத்தில் ஷிப்டு வேலை. சோறூட்டியதும், பள்ளிக்கூடத்தில் அவனை அடித்த பையனின் வீட்டுக்கே போய்ச் சண்டை போட்டதும் வெர்னாதான். வளர்ந்த பிறகும் அவன் அந்தச் செல்லத்தை விடவில்லை. அவளும் அந்த அதட்டலை விடவில்லை.

இப்போது மூடியின் கதைக்கு வரவேண்டும். குழாயின் மேல்வாயில் மூடியை உள்ளே இறக்கி, சுற்றிவரத் துளை போட்டு, ஸ்க்ரூ முடுக்கி நிறுத்துவது வெர்னாவின் முறை. அந்த ஸ்க்ரூக்களை அவள் வேண்டுமென்றே மெத்தென்ற எஃகில் போடுவாள். பளபளவென்று வெள்ளையாக இருக்கும், ஆனால் அவ்வளவு உரம் கிடையாது. உள்ளே அழுத்தம் எல்லை மீறினால் ஏதாவது ஒன்று விட்டுக்கொடுத்தாக வேண்டும். குழாய் விட்டால் அது கத்தி கத்தியாகக் கிழிந்து நாலா பக்கமும் பாயும். ஸ்க்ரூ விட்டால் மூடி மட்டும் மேலே போகும், நெருப்பு இரண்டு பக்கமும் வெளியேறிவிடும், குழாய் முழுசாக நிற்கும். குக்கரில் சேஃப்டி வால்வு எதற்கு இருக்கிறதோ அதற்குத்தான் அந்த ஸ்க்ரூக்களும்.

இது மன்றத்தில் நாலைந்து பேருக்காவது தெரியும். ஆனால் எல்லோரும் சிரிக்கிற நேரத்தில் தெரிந்ததைச் சொல்ல யாருக்கு வாய் வரும்? போன வருஷத்துக்கு முந்தின வசந்தத்தில் ட்வைட்டின் ராக்கெட், அதை நிறுத்தி ஏவுகிற இரும்புக் கோபுரத்தை விட்டுக் கிளம்பின உடனேயே மூடி பிய்த்துக்கொண்டு போனது. ராக்கெட் பொத்தென்று விழுந்து கிடந்த இடத்திலேயே எரிந்தது. மன்றத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஏவுதளத்தின் சமையல் கொட்டகைக்குப் பக்கத்தில் ஒரு கம்பி வேலி. எவனுடைய பாகம் உடைந்ததோ அதை அந்த வேலியில் கட்டித் தொங்கவிட்டு, செய்தவர் பெயரை வெள்ளைப் பெயிண்டால் எழுதுவார்கள். வெடித்த குழாய்களும் உருகின தொண்டைகளும் வருஷக்கணக்கில் வெயிலில் அங்கே தொங்குகின்றன. எல்லாம் விளையாட்டுக்குத்தானாம். மன்றத்தின் ஏவல் பொறுப்பாளர் ஹாலிஸ், பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற அந்த மனுஷன், மூடியைக் கட்டி 'வெர்னா' என்று கொட்டை எழுத்தில் எழுதினார். ஸ்டக்கி வீட்டில் பானைக்காவது மூடி நிற்குமா என்று எவனோ கேட்டான். வெர்னா கையிலிருந்த ஸ்பேனரை வீசினாள். அது காபி டிரம்மில் பட்டுக் காபியெல்லாம் மணலில் ஓடியது. ஒரு வார்த்தை விளக்கம் சொல்லாமல் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். தம்பியை அங்கேயே விட்டுவிட்டுப் போனாள், அதையும் சொல்லத்தான் வேண்டும். மிச்சச் சிரிப்பையெல்லாம் சாயங்காலம் வரை அவன் தனியாக வாங்கிக்கட்டிக்கொண்டான்.

அந்தச் சிரிப்பு அவனுக்குள் புளித்துக்கொண்டே இருந்திருக்கிறது. யாரிடமும் சொல்லாமல் அடுத்த மருந்தைப் பிசைந்தான். வெர்னா அடுத்த குழாயைக் கடைந்தாள், அதே மெத்தென்ற ஸ்க்ரூக்களை எண்ணெய் தொட்டுக் கொடுத்தாள்.

ஏவுகிற நாள் காலையில் பந்தலுக்கு அடியில் ட்வைட் மருந்தை ஏற்றி மூடியைப் பூட்டினான். வெர்னா அந்த நேரத்தில் சமையல் கொட்டகையில் முட்டையும் பன்றிக்கறியும் பொரித்துக்கொண்டிருந்தாள். கடைசி ஸ்க்ரூ மட்டும் அவளுக்காக விடப்பட்டது. அதுவும் மன்றத்து வழக்கம்தான்: உலோகம் கடைந்தவர் கையால் கோபுரத்தில் கடைசி ஸ்க்ரூவை முடுக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் பற்றவைக்கிற திரியைச் செருகுவார்கள். ராக்கெட் பிடித்து ஏறுவதற்குக் கோபுரத்தில் இருக்கும் தண்டவாளத்தில் அதைச் சாய்த்துக் கிடத்தியிருந்தார்கள். ட்வைட் ஒரு வெள்ளை ஸ்க்ரூவை அவள் உள்ளங்கையில் வைத்தான். மற்ற ஸ்க்ரூக்களின் தலைமேல் சுற்றிவர அலுமினிய டேப் ஒட்டியிருந்தது.

வெர்னா முடுக்கினாள். பிறகு பழக்கதோஷத்தில் பக்கத்து ஸ்க்ரூவையும் ஒரு தரம் தொட்டுப்பார்க்கலாம் என்று டேப்பின் நுனியில் நகத்தை வைத்தாள்.

"டேப்பைப் பிரிக்காத வெர்னா. காத்து வழுக்கிக்கிட்டுப் போகணும்னு ஒட்டியிருக்கேன்" என்றான் ட்வைட். சொன்ன வேகம்தான் சரியில்லை. சின்ன வயதில் மிட்டாயை வாயில் ஒளித்துக்கொண்டு இல்லை என்று சொல்லும்போதும் அவன் அதே வேகத்தில்தான் சொல்வான்.

பிரித்தாள். உள்ளே கறுப்பு. அத்தனையும் கறுப்பு ஸ்க்ரூ, லாரி எஞ்சினில் போடுகிற உரம் ஏறிய எஃகு. அவள் முடுக்கின ஒன்று மட்டும் வெள்ளை. அதை அவளை ஏமாற்றத்தான் வைத்திருந்தான்.

அவளுக்குக் கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. ஏமாற்றியதற்காகக்கூட இல்லை. மருந்து பிசைந்தவனுக்கு மட்டும் கோபுரத்துக்குப் பக்கத்துக் குழியில் கேமராவோடு உட்கார உரிமை உண்டு. மற்றவர்கள் எல்லோரும் தூரத்தில் தடித்த காங்கிரீட் சுவருக்குப் பின்னால் இருப்பார்கள். குழிக்கு முன்னால் மணல் மூட்டை இருக்கிறது, மேலே வானம்தான் கூரை. குழாய் கிழிந்தால் முதல் கத்தி அவன் தலைமேல்தான் இறங்கும். இடுப்பில் தூக்கி வளர்த்த பயல் தன் சாவைத் தானே முடுக்கி, மேலே டேப்பும் ஒட்டியிருக்கிறான்.

"யாரைக் கேட்டுடா மாத்தின?"

"யாரைக் கேக்கணும்? மருந்து என்னுது. ராக்கெட் என்னுது. மூடி கழண்டுச்சுன்னா சிரிப்பு வாங்கறதும் நான்தான்."

"மூடி கழறணும்டா. அதுக்குத்தான் அந்த ஸ்க்ரூ. கழறலேன்னா குழாய் கிழியும், நீ அந்தக் குழியில உக்காந்திருப்ப. பொறுக்கி எடுக்கக்கூட மிச்சம் இருக்காது."

ட்வைட்டின் முகம் சிவந்தது. "இதை எனக்கு என்னிக்காவது சொல்லியிருக்கியா? ஸ்பேனரைத் தூக்கி எறிஞ்சுட்டு வண்டி ஏறிப் போயிட்ட. கேட்டா கத்துவ. உறுதியா இருந்தாத் தாங்கும்னு நானா நெனச்சுக்கிட்டேன். வேற என்ன நெனைக்கச் சொல்ற?"

 அவன் சொன்னது உண்மை என்பதாலேயே அவள் கோபம் இரட்டிப்பானது. எங்கே என் ஸ்க்ரூ என்று கையை நீட்டினாள். அவன் ஜீன்ஸ் பைக்குள் கையை விட்டு எடுத்துக் கொடுத்தான், அவள் கொடுத்ததைக் குப்பையில் எறிய அவனுக்கு மனசு வந்திருக்கவில்லை. ஆலன் கீயை எடுத்து ஒவ்வொரு கறுப்பாகக் கழற்றினாள். ஒன்று வெளியே, ஒன்று உள்ளே. வெயில் ஏறியது. சுவருக்குப் பின்னாலிருந்து ஹாலிஸ் ரேடியோவில் இன்னும் என்ன தாமதம், காற்று எழுந்துவிடும், ஸ்டக்கி குடும்பம் சண்டையை வீட்டில் முடித்துவிட்டு வரக்கூடாதா என்று நையாண்டி பண்ணினார். அந்த ரேடியோவையும் வீசத்தான் அவளுக்குக் கை பரபரத்தது. வீசவில்லை. கறுப்பு ஸ்க்ரூக்களைச் சட்டைப் பையில் போட்டுப் பட்டனைப் பூட்டினாள்.

குழிக்குள் உட்காராதே என்று ட்வைட்டிடம் சொன்னாள். இப்போதுதான் உன் ஸ்க்ரூ இருக்கிறதே, பிறகென்ன பயம் என்று கேட்டுவிட்டு அவன் குழிக்குத்தான் போனான். பிடிவாதம் அந்த வீட்டில் ஒருவருக்கு மட்டும் எழுதி வைத்ததா என்ன.

ராக்கெட்டை நிமிர்த்தித் திரியைச் செருகிய பிறகு வெர்னா சுவருக்குப் பின்னால் போய் நின்றாள். ஹாலிஸ் எண்ணினார். ராக்கெட் கிளம்பியது. கோபுரத்தின் பாதிகூடத் தாண்டியிருக்காது, பட்டென்று ஒரு சத்தம். மூடி மூக்குக் கூம்பையும் இழுத்துக்கொண்டு வானத்தில் போனது. குழாய் இரண்டு பக்கமும் நெருப்பைக் கக்கிக்கொண்டு தண்டவாளத்திலேயே சறுக்கி இறங்கியது, கீழே விழுந்து புரண்டு, குழிக்குச் சற்று முன்னால் நின்று எரிந்து அடங்கியது.

சுவருக்குப் பின்னால் ஒரே முனகல். அப்புறம் சிரிப்பு. எவனோ பானை மூடியை மறுபடி ஞாபகப்படுத்தினான். வெர்னா யாரையும் பார்க்கவில்லை. குழியைப் பார்த்துக்கொண்டே ஓடினாள். மணல் மூட்டைக்கு மேலே ட்வைட்டின் தொப்பி தெரிந்தது, அப்புறம் அவன் தலை. அதைப் பார்த்த பிறகுதான் அவள் ஓட்டத்தை நிறுத்தி நடந்தாள்.

குழாய் ஆறின பிறகு ட்வைட் உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தான். ஒரு கீறல்கூட இல்லை. சுவரில் ஒட்டியிருந்த கரியையும் கருகின மிச்சத்தையும் விரலால் தடவினான். மருந்தில் காற்றுக் குமிழி இருந்திருக்கிறது, வார்க்கும்போது அது அவன் விட்ட குமிழி. அங்கே வெடித்துப் பரவிய நெருப்பில்தான் அழுத்தம் எகிறியிருக்கிறது. அவனுக்குப் புரிந்துவிட்டது, அவனுக்குப் புரிந்தது வெர்னாவுக்கும் தெரிந்தது. எல்லோரும் சுற்றி நின்றார்கள். அவன் வாயே திறக்கவில்லை. குழாயைத் தோளில் வைத்துக்கொண்டு சமையல் கொட்டகைப் பக்கம் நடந்தான்.

மாலையில் நெருப்பில் மாட்டிறைச்சி வாட்டிக்கொண்டிருந்தார்கள். ஹாலிஸ் இரண்டாவது மூடியை முதலாவதன் பக்கத்தில் கட்டினார். பெயிண்ட் டப்பாவைத் திறந்து 'வெர்னா' என்று எழுதினார். ட்வைட் பார்த்துக்கொண்டு நின்றான்.  உயிரைக் காப்பாற்றின மூடியைத் தூக்கில் போடுகிறார்கள், காப்பாற்றப்பட்டவன் பீன்ஸ் தின்கிறான். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

ஸ்பேனர் பறக்கப் போகிறது என்று நினைத்துச் சிலர் காபி டிரம்மை நகர்த்தி வைத்தார்கள். வெர்னா வேலியண்டை போய் ஒரு துண்டுக் கம்பியை வெட்டினாள். சட்டைப் பையின் பட்டனைத் திறந்து கறுப்பு ஸ்க்ரூக்களை எடுத்து, ஒவ்வொன்றின் கழுத்திலும் கம்பியைச் சுற்றிச் சரமாகக் கட்டினாள். மூடிகளுக்கு நடுவில் தொங்கவிட்டாள். ஹாலிஸ் கையிலிருந்து பிரஷ்ஷை வாங்கி, ஒரு தகரத் துண்டில் 'ட்வைட்' என்று எழுதி அதன் கீழே மாட்டினாள்.

ஹாலிஸ் சரத்தைத் தூக்கிப் பார்த்தார். "இதுல எதும்மா உடைஞ்சுது? எல்லாம் முழுசால்ல இருக்கு. உடைஞ்சதைத்தானே நாம வேலியில கட்டுறது?"

"உடையாது. எவ்வளவு அழுத்தம் வந்தாலும் உடையாது" என்றாள் வெர்னா. "இன்னிக்குக் காலையில இதுதான் அந்தக் குழாயில இருந்துச்சு. இதை இருக்க விட்டிருந்தா வேலியில கட்டறதுக்கு வேற ஒண்ணு கிடைச்சிருக்கும்."

பிறகு வாழ்க்கையில் முதல் தடவையாக, குரலை உயர்த்தாமல், ஸ்க்ரூ ஏன் விடவேண்டும், குழாய் ஏன் நிற்கவேண்டும் என்று ஆரம்பத்திலிருந்து முடிவு வரை சொன்னாள்.  முன்பே தெரிந்திருந்தவர்கள் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார்கள். யாரும் சிரிக்கவில்லை.

ட்வைட் வேலிப் பக்கம் திரும்பவே இல்லை. தட்டைக் கையில் வைத்தபடி கோபுரத்துக்குப் பக்கத்திலிருந்த அந்தக் குழியையே பார்த்துக்கொண்டு நின்றான்.