அக்கா வாசலில் கேட்டதும் நான் சொன்ன பதிலும்

பாலையூற்றில் பிறந்து, அன்புவழிபுரத்தில் வாழ்ந்து, சென்ற ஆண்டு இதே வாரத்தில் கர்த்தரிடம் சென்ற எங்கள் அக்காவைப் பற்றி, உறவினர் கேட்டுக்கொண்டபடி இந்த நினைவு மலருக்கு எழுதுகிறேன். நால்வரில் அவர் மூத்தவர். லோஞ்சுப் படகில் குடாவைக் கடந்து மூதூருக்குப் போய் இருபத்திரண்டு வருடம் கணிதம் படிப்பித்தார். அப்பா இறந்தபின் எங்கள் மூவரையும் ஆளாக்கினார். தமக்கென்று ஒரு குடும்பம் தேடவில்லை.

எவருடைய வாய்வார்த்தையையும் அக்கா உடனே நம்பமாட்டார். கொரோனாக் காலத்தில் கோவில் மீண்டும் திறந்தபோது, பங்குச் சுவாமி அதற்காகவே வாசல் பொறுப்பை அவரிடம் கொடுத்தார். காய்ச்சல், இருமல் உண்டா என்று கேட்பார். நெற்றியில் வெப்பம் பார்ப்பார். கொப்பியில் பெயர் எழுதி, வாங்குக்கு இருவராக இருத்துவார். தீர்த்தத் தொட்டி காய்ந்து கிடந்தது. நற்கருணை நன்மை நாவில் அல்ல, கையில் மட்டுமே. பாடகர் செபஸ்தியான் அண்ணருடன் ஞாயிறுதோறும் வழக்கு.

“அண்ணை, மூக்கு வெளியில நிக்குது.”

“மூக்கை மூடினா பாட்டு வராது பிள்ளை.”

“அப்ப பாட்டை வீட்டில வைச்சிட்டு வாங்கோ.”

தம் கடைசி ஞாயிறு பூசைக்கு நான்காம் நாள் அக்கா கொரோனாவில் படுத்தார். ஒன்பதாம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்தார். பக்கத்தில் எங்களில் ஒருவரும் இல்லை.

யாரிடமிருந்து வந்தது? வீட்டில் தனிமைப்படுத்தப்பட்டிருந்த நான், கோவில் கொப்பியின் படத்தை எடுப்பித்து, யார் எந்த வாங்கில் இருந்தார் என்று வரைந்தேன். ஒவ்வொருவருக்கும் தொலைபேசி எடுத்தேன். பதிலுக்கு முன் தயங்கியவர்களின் பெயருக்குக் கீழே கோடிட்டேன். கடைசியில் செபஸ்தியான் அண்ணர் மிஞ்சினார்.

“தம்பி, எனக்கு ஒண்டும் இல்லை. சோதிச்சவை, இல்லையெண்டுதான் வந்தது.”

“சோதிச்ச துண்டைக் காட்டுங்கோ.”

“நீர் என்ன பொலிஸோ?”

ஆனாலும் படம் அனுப்பினார். அதிலிருந்த திகதியையும் நான் சந்தேகித்தேன். சொந்தக்காரரிடம் சொன்னேன். கதை பரவியது. அவர் கோவிலுக்கு வருவதையே விட்டுவிட்டார். எனக்கும் தொற்று உறுதியானபோது, அக்காவிடமிருந்து வந்தது என்றே எல்லோருக்கும் சொன்னேன்.

இந்தக் கட்டுரைக்கு விபரம் பிழைக்கக்கூடாதென்று சென்ற மாதம் என் நாட்குறிப்பைப் பிரித்தேன். அக்காவின் அந்தக் கடைசி ஞாயிறில் என் கையெழுத்து: “காலையில் தொண்டை கரகரப்பு. உப்புத்தண்ணீர் கொப்பளித்தேன். பூசை. அக்கா வீட்டில் மதியச் சாப்பாடு.”

வாசலில் அக்கா கேட்டது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

“தம்பி, தொண்டை கிண்டை ஒண்டும் இல்லைத்தானே?”

“இல்லை அக்கா.”

பல வாரங்களுக்குப் பிறகு நான் பூசைக்குப் போய் நன்மை எடுக்கும் நாள். திரும்பிப் போக மனமில்லை. அக்கா என்னை நம்பினார். வெப்பமானியைத் தூக்கவேயில்லை. கோவிலில் தள்ளித் தள்ளி இருந்த நாங்கள், பிறகு அவருடைய குசினியில் முகக்கவசத்தைக் கழற்றிவிட்டு ஒரே மேசையில் சாப்பிட்டோம்.

என்னால்தான் என்று நிரூபிக்க முடியாது. இல்லையென்றும் முடியாது.

அவஸ்தைப்பூசுதல் கொடுத்த சுவாமிக்கும், கடைசிவரை பார்த்த தாதியருக்கும், துயரில் பங்குகொண்ட அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. செபஸ்தியான் அண்ணருக்குத் தனியே சொல்லவேண்டும். என்னிடம் அந்தப் பேச்சு வாங்கிய பிறகும், தனிமைப்படுத்தலில் இருந்த எங்கள் வாசல் படலையில் பதினொரு நாள் சாப்பாட்டுப் பொதி தொங்கவிட்டுப் போனார். பதினொன்றையும் பிரிக்காமலே குழி வெட்டிப் புதைத்தேன். அண்ணை, உங்களைப் பற்றி நான் சொன்னவற்றுக்கு ஆதாரம் எதுவும் என்னிடம் இருக்கவில்லை. இந்த மலரின் முதல் பிரதியை நானே உங்கள் வீட்டுக்குக் கொண்டுவருவேன். கதவைத் திறப்பதும் விடுவதும் உங்கள் விருப்பம்.