லிடியா எழுதிக் கொடுக்காத மன்னிப்பு

12.07.2023 – சேர்க்கைக் கட்டணம் – ரூ. 1,500
14.08.2023 – முதல் பருவம் – ரூ. 3,200
02.09.2023 – பழைய மடிக்கணினி – ரூ. 9,000
05.02.2024 – இரண்டாம் பருவம் – ரூ. 3,200
12.08.2024 – மூன்றாம் பருவம் – ரூ. 3,200
03.02.2025 – நான்காம் பருவம் – ரூ. 3,200
23.06.2025 – மறுதேர்வும் அபராதமும் – ரூ. 2,600 – கட்டவில்லை.

கடைசித் தொகை கட்டப்படாமல் நின்றதற்குக் கையில் பணம் இல்லாதது காரணமல்ல. நாகல் நகர் லிடியாவுக்கு அதைக் கட்ட மனமில்லை.

அவளுக்கு வயது முப்பத்தொன்பது. நூற்பாலை ஒன்றின் டைம் ஆபீசில் பதினோரு வருடமாக உதவியாளர். ஆட்கள் வந்த நேரம், போன நேரம், ஓவர்டைம் எல்லாம் அவள் கைபட்டுத்தான் சம்பளத்துக்குப் போகும். ஆனால் டைம் கீப்பர் நாற்காலியில் உட்கார இரண்டு வருடப் பட்டயம் வேண்டும் என்பது ஆலையின் விதி. 2005-ல் ஒரு வருடம் படித்து, கல்யாணத்தோடு நின்றுபோன படிப்பு அது. பழைய தாள்கள் செல்லாது என்று சொல்லிவிட்டார்கள். கட்டணமும் குறைவு, வேலையையும் விடவேண்டாம் என்பதால், ஒரு பல்கலைக்கழகம் இணையத்தில் நடத்திய அலுவலக மேலாண்மைப் படிப்பில் சேர்ந்து மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள். அவள் நான்காம் பருவத்தில் இருந்தபோது டைம் கீப்பர் ஓய்வு பெற்றார்.

"செப்டம்பர் முப்பது வரைக்கும் எடத்தை வச்சிருக்கேம்மா. அதுக்கு மேல மதுரையிலருந்து ஆளைக் கொண்டாந்துருவாங்க" என்றார் மேலாளர்.

பத்தொன்பது தாள்களை வார நாட்களில், அரைநாள் விடுப்பு எடுத்து வீட்டிலிருந்தே எழுதித் தேறினாள். இருபதாவது தாள் 18.05.2025, ஞாயிறு காலை பத்து மணிக்கு வந்தது. அறையில் தனியாக இருக்க வேண்டும். கதவு சாத்தியிருக்க வேண்டும். வாய் திறக்கக் கூடாது. மடிக்கணினியின் கேமரா இரண்டு மணி நேரமும் பார்த்துக்கொண்டே இருக்கும், ஒலியும் பதிவாகும்.

அவள் குடியிருந்த வளவில் ஒரு குழாயைச் சுற்றி ஏழு வீடுகள். வீட்டில் ஆளிருக்கும்போது அங்கே பகலில் கதவு சாத்தும் வழக்கம் இல்லை. 2019-ல் நான்காம் வீட்டுப் பெண் பட்டப்பகலில் கதவைச் சாத்திக்கொண்டு பூச்சி மருந்தைக் குடித்தாள். கதவை உடைத்துத்தான் காப்பாற்றினார்கள். அன்றிலிருந்து, ஆள் இருக்கிற வீட்டின் கதவு சாத்தியிருந்தால் வளவே ஓடிப்போய்த் தட்டும். வார நாட்களில் எல்லோரும் வேலைக்குப் போய்விடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை ஏழு வீடும் நிறைந்திருக்கும். இது தெரிந்தும் லிடியா தேர்வைப் பற்றி யாரிடமும் மூச்சு விடவில்லை. தோற்றால் கேலி, ஜெயித்தால் கண்ணேறு. போதாததற்கு, முந்தின நாள் சாயங்காலம் கணவன் பாஸ்கலோடு ஏழு வீட்டுக்கும் கேட்கும்படி சண்டை. காலையில் சத்தம் கூடாது என்று அவளேதான் அவனைப் பிள்ளைகளோடு ஆத்தூருக்கு, அவன் அம்மா வீட்டுக்கு அனுப்பினாள். வளவு அதை வேறுமாதிரி எடுத்துக்கொண்டது. புருசன் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான், கதவு சாத்திவிட்டது.

10.42-க்கு எதிர்வீட்டு ஒச்சம்மாள் கதவைத் தட்டினாள்.

"ஏத்தா லிடியா! செத்த கதவைத் தொற."

பதில் சொன்னால் விதிமீறல். லிடியா அடுத்த கேள்விக்குப் போனாள்.

"மூச்சுக் காட்ட மாட்டேங்குறாளே! சாகுல் பாய், ஓடியாங்க!"

இரண்டாம் வீட்டுச் சாகுல் ஹமீது தோளைக் கொடுத்து மோதினார். 10.51-க்குத் தாழ்ப்பாள் தெறித்தது. நாலு பேர் உள்ளே வந்தார்கள். ஒச்சம்மாள் நேராக வந்து லிடியாவின் தாடையைப் பிடித்தாள்.

"வாயைத் தொறடி! என்னத்தக் குடிச்ச?"

"பரிச்ச, அக்கா! பரிச்ச எழுதிக்கிட்டிருக்கேன், எல்லாரும் வெளிய போங்க!"

"பரிச்சைக்கா கதவைச் சாத்துன? நாங்க என்ன ஒன் பேனாவையா பிடுங்கப் போறோம்?"

ஒரு நிமிடத்தில் அவர்களை வெளியே தள்ளிவிட்டு, கதவுக்கு அரிசி மூட்டையை முட்டுக் கொடுத்து, பன்னிரண்டு மணி வரை எழுதி முடித்தாள்.

23.06.2025 அன்று பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம் வந்தது. தேர்வறையில் அந்நியர் நால்வர், ஒருவர் தேர்வரின் முகத்தருகே வந்து பேசியிருக்கிறார், இது முறைகேடு. தவற்றை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கடிதமும் ரூ. 2,600-ம் அனுப்பினால் டிசம்பரில் மறுதேர்வு எழுதலாம். மறுத்தால் நான்காம் பருவம் முழுவதும் ரத்து.

"ஒரு வரி எழுதிக் குடுத்துட்டுப் போயேன் புள்ள" என்றான் பாஸ்கல். "டைம் கீப்பர் வேலை போனா போகுது. படிப்பாச்சும் மிஞ்சும்ல?"

"பதினோரு வருசமா ஆளுக வந்த நேரத்தை எழுதுறவ நான். வராதவனை வந்தான்னு ஒரு நாள் எழுதுனதில்ல. செய்யாததைச் செஞ்சேன்னு என் கையாலயே எழுதச் சொல்றியா?"

"அவுங்க பெரிய எடம்டி."

"இருக்கட்டும். நானும் சின்ன எடத்துல ஒக்காந்து எழுதல."

30.06.2025 அன்று பதிவுத் தபாலில் மறுப்பு அனுப்பினாள். அச்சடித்த அதே கடிதம் திரும்பி வந்தது. 21.07.2025 அன்று மீண்டும் அனுப்பினாள். மீண்டும் அதே அச்சு. மூன்றாவது கடிதத்தில் இரண்டே வரி: "உங்கள் பதிவை 10.42 முதல் 10.52 வரை ஒலியோடு கேளுங்கள். அதன் பிறகு என்னை நேரில் விசாரியுங்கள்."

விசாரணை 28.08.2025 அன்று, அதே மடிக்கணினியில். திரையில் மூன்று அதிகாரிகள். லிடியா பக்கத்தில் ஒச்சம்மாளை உட்கார வைத்திருந்தாள்.

"இவங்க யாரு?" என்றார் நடுவில் இருந்தவர்.

"அந்நியர்னு எழுதியிருந்தீங்களே, அவங்கதான் சார்."

"ஏம்மா, அன்னைக்கு இந்தப் பொண்ணு காதுல என்ன சொன்னீங்க?"

"காதுல ஒண்ணும் சொல்லலைங்கய்யா. வாயைத் தொறன்னேன். மருந்து வாடை வருதான்னு மோந்து பாத்தேன்."

"விடை எதுவும் சொல்லலையே?"

"நான் கைநாட்டுங்கய்யா. எந்த விடையைச் சொல்ல?"

அதுவரை கேமராவில் பதிந்த நிழற்படங்களை மட்டும் பார்த்திருந்ததாக அதிகாரிகளில் ஒருவர் ஒத்துக்கொண்டார். அங்கேயே ஒலியை வைத்துக் கேட்டார்கள். கதவுக்கு வெளியே ஒச்சம்மாள் கத்துகிற ஒன்பது நிமிடம் முழுவதும் ஓடியது. பிறகு நடுவில் இருந்தவர் தணிந்த குரலில் சொன்னார்: "புரியுதும்மா. மன்னிப்புக் கடிதம் வேண்டாம். விதின்னு ஒண்ணு இருக்கே, அபராதம் மட்டும் ஐந்நூறு கட்டிருங்க. முடிச்சுருவோம்."

பாஸ்கல் கேமராவுக்குப் படாத மூலையில் நின்று 'சரின்னு சொல்லு, சரின்னு சொல்லு' என்று கையாட்டினான்.

"அஞ்சு ரூவான்னாலும் கட்ட மாட்டேன் சார்" என்றாள் லிடியா. "கட்டுனா செஞ்சேன்னு ஆயிரும். அன்னைக்கு நான் எழுதுன தாளைத் திருத்துங்க. அதுல ஃபெயில்னா ஃபெயில்னு போடுங்க, வாங்கிக்கிறேன்."

நான்கு வாரம் ஒரு பதிலும் இல்லை. ஆலையில் மதுரை ஆள் வந்து நாற்காலியைப் பார்த்துவிட்டும் போனான். லிடியா வருகைப் பதிவேட்டை எழுதிக்கொண்டிருந்தாள்; மேலாளரிடம் போய்க் கெஞ்சவில்லை.

கடைசியில் வந்த கடிதத்தில் 'வருந்துகிறோம்' என்ற சொல் எங்கும் இல்லை. முறைகேட்டுக் குறிப்பு நீக்கப்பட்டது, அபராதம் இல்லை, இருபதாம் தாளில் மதிப்பெண் 58, பட்டயத் தேர்ச்சி. இவ்வளவே. அந்தக் கடிதம் நாகல் நகருக்கு வந்து சேர்ந்தது 26.09.2025, வெள்ளிக்கிழமை; மேலாளர் சொன்ன முப்பதுக்கு நாலு நாள் முன்பு.