எதிர் வண்டியின் எண்

போன மாதம் வண்ணார்பேட்டை சிக்னலில் நின்றுகொண்டிருந்த என் காரின் பின்னால் ஒரு வேன் வந்து இடித்தது. வேன்காரர் இறங்கி வந்து, "எம்மேலதான் தப்பு தாயி" என்றார். சண்டைக்கு ஆயத்தமாக இறங்கிய எனக்குச் சப்பென்று போய்விட்டது. படம் எடுத்துக்கொண்டேன், அவருடைய லைசென்ஸையும் வண்டி எண்ணையும் குறித்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்து இன்சூரன்ஸ் படிவத்தை நிரப்பும்போது, 'எதிர் வண்டியின் எண்' என்ற கட்டத்தில் பேனா நின்றுவிட்டது. இதே கட்டத்தால் எங்கள் வீட்டில் ஒரு கல்யாணம் நின்றுபோயிருக்கிறது. அதை நிறுத்திய பாவி நான்தான் என்று வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. பாளையங்கோட்டையில் இரண்டு கார் அகலமே உள்ள தெருவில் எங்கள் வீடு. அப்பா பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். வெள்ளரிப் பிஞ்சு நிறத்தில் ஒரு கார் வாங்கி வாசலில் நிறுத்தியிருந்தார். தினமும் காலையில் அதைக் குளிப்பாட்டுவார். "இந்தத் தண்ணிய முருங்கைக்கு ஊத்தியிருந்தா நாலு காயாவது காச்சிருக்கும்" என்பாள் அம்மா.

அப்பாவின் தங்கை எங்களோடுதான் இருந்தாள். நான் படித்த பள்ளியிலேயே அத்தைக்கு வேலை. இரண்டு பேரும் நடந்தே போவோம். வழியில் வருகிற வண்டிகளின் எண்களைக் கூட்டிக்கொண்டே போவது எங்கள் விளையாட்டு. கூட்டுத்தொகை ஒன்பது வந்தால் அன்றைக்கு நல்லது நடக்கும். இது நான் வைத்த சட்டம். பார்த்த எண் எனக்கு மறக்காது என்பதில் அத்தைக்கு என்னைவிடப் பெருமை.

தாத்தா போன பிறகு அத்தையின் கல்யாணம் அப்பாவின் தலையில் விழுந்திருந்தது. ஏழெட்டு இடம் வந்து பார்த்துவிட்டுப் போனது. ஒன்றும் கூடவில்லை. அத்தைக்கு இருபத்தெட்டு முடிந்திருந்தது. வீட்டில் யாரும் அந்த எண்ணைச் சத்தமாகச் சொல்வதில்லை. அந்தச் சமயத்தில்தான் நாங்குநேரியிலிருந்து ஒரு இடம் வந்தது. சொந்தக் கடை, சொந்த வீடு, ஜாதகம் பத்துக்கு ஒன்பது. அப்பா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

அவர்கள் பெண் பார்க்க வந்த அன்று நான் கேட் அருகில் நின்றிருந்தேன். சிவப்புக் காரை மாப்பிள்ளையே ஓட்டிவந்தார். 4419. கூட்டினால் பதினெட்டு, அதைக் கூட்டினால் ஒன்பது. மாடி ஜன்னலில் அத்தை தெரிந்தாள். ஒன்பது விரலைத் தூக்கிக் காட்டினேன். கார் எங்கள் வீட்டைத் தாண்டிப் போய் நின்று, சடக்கென்று பின்னால் வந்தது. நின்றுகொண்டிருந்த எங்கள் காரின் மூக்கில் மடாரென்று ஒரு இடி. ஒரு கண்ணாடி விளக்கு உதிர்ந்தது. பம்பர் மடங்கிப்போனது.

மாப்பிள்ளை இறங்கினார். தன் வண்டியின் பின்பக்கத்தைத் தடவிப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, "இப்படி நடுத்தெருவுல யாரு வண்டிய நிப்பாட்டுனது?" என்று கேட்டார்.

வண்டி சுவரோடு ஒட்டித்தான் நின்றது. அப்பா ஓடிவந்து, "நாந்தான். இன்னும் கொஞ்சம் ஒதுக்கி விட்டிருக்கணும், என் தப்புதான். நீங்க உள்ள வாங்க" என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. தூக்கிய ஒன்பது விரலோடு ஜன்னலைப் பார்த்தேன். அத்தை என்னைப் பார்க்கவில்லை. மாப்பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

உள்ளே கேசரியும் வடையும் நடந்தன. காரைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. மாப்பிள்ளையின் அம்மா மட்டும், "கண்ணேறு எல்லாம் அதோட கழிஞ்சுது. நல்ல சகுனம்தான்" என்றார். இடித்தது அவர் மகன், கழிந்தது எங்கள் கண்ணேறு. அப்பா தலையை ஆட்டினார். ஆவணியில் நிச்சயம் வைத்துக்கொள்ளலாம் என்று பேசி முடித்தார்கள்.

அவர்கள் போன பிறகு அத்தை ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள். "இடிச்சவரு ஒரு வார்த்தை சொல்லலியே அண்ணே."

"மாப்பிள்ள வீட்டுக்காரவ அப்படித்தான் இருப்பாவ. இதையெல்லாம் பெரிசு பண்ண முடியுமா?" என்றார் அப்பா. அத்தை தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். பிடித்திருக்கிறதா என்று அவளிடம் யாரும் கேட்கவில்லை. ஏழெட்டு இடம் தட்டிப்போன பெண்ணிடம் அதைக் கேட்பது வழக்கம் இல்லைபோலும்.

காரை அப்படியே விட முடியாது. இன்சூரன்ஸ் ஏஜெண்ட் போனில் விவரம் சொன்னார். இடித்த வண்டியின் எண் வேண்டும், ஓட்டியவரின் லைசென்ஸ் நகல் வேண்டும், போலீசில் ஒரு புகார் எழுதிக் கொடுத்துவிட்டால் இன்னும் நல்லது. "சம்பந்தம் பேசுத இடத்துல போலீசா?" என்று அப்பா பதறிப்போய் போனை வைத்தார். பெண் வீட்டுக்காரன் மாப்பிள்ளையிடம் லைசென்ஸ் கேட்டதாக எங்கள் பக்கத்தில் சரித்திரமே கிடையாது.

ஆகவே அப்பா படிவத்தில், 'வீட்டு வாசலில் நிறுத்தும்போது சுவரில் இடித்துவிட்டேன்' என்று எழுதினார். விடை சரியாக இருந்தாலும் வழிமுறையில் ஒரு வரி விட்டுப்போனால் மதிப்பெண் குறைக்கிறவர் அவர். அன்று அவர் கையெழுத்துகூடக் கொஞ்சம் கோணலாக இருந்தது.

அடுத்த சனிக்கிழமை வண்டியைப் பார்க்க சர்வேயர் வருவதாகச் சொன்னார்கள். நான் சங்கிலி பிடித்து நிலம் அளக்கிறவரை எதிர்பார்த்துக் காத்திருந்தேன். அன்று காலையில் அத்தை எனக்குத் தலை பின்னிவிட்டாள்.

"ஏட்டி, அந்தச் செவப்புக் கார் நம்பர் ஞாபகம் இருக்கா?"

சொன்னேன்.

"இன்னொரு தடவ சொல்லு."

சொன்னேன். அவள் சடையை இறுக்கி முடிச்சுப் போட்டாள். "யாரும் கேட்டா மட்டும் சொல்லு. கேக்காம நீயா சொல்லக் கூடாது, என்ன?" என்றாள். என் ஞாபகசக்திக்குப் பரீட்சை என்று நினைத்து நான் குதூகலமாகத் தலையாட்டினேன்.

சர்வேயர் சங்கிலி இல்லாமல் ஒரு கேமராவோடு வந்தார். காரைச் சுற்றிப் படம் பிடித்தார். குனிந்து பம்பரை விரலால் சுரண்டினார். பிறகு போய் எங்கள் சுவரைத் தடவிப் பார்த்தார்.

"சுவத்துல இடிச்சதுன்னு எழுதியிருக்கியளே அண்ணாச்சி. சுவத்துல ஒரு கீறலக் காணோமே."

அப்பாவும் போய்ச் சுவரைப் பார்த்தார்.

"சுவரு வெள்ள. பம்பர்ல ஒட்டியிருக்கது செவப்பு பெயிண்டுல்லா?"

அப்பா தன் வாழ்நாளில் முதல்முறையாகப் பாடம் படிக்காமல் வந்த பையனைப் போல நின்றார். சர்வேயர் என் பக்கம் திரும்பினார். "நீ பாத்தியா பாப்பா? எதுல இடிச்சுது?"

கேட்டுவிட்டார். கேட்டால் சொல்லலாம். "நம்ம வண்டி சும்மாதான் நின்னுது. அந்த மாமா பின்னால வந்து இடிச்சாவ. நாலு நாலு ஒண்ணு ஒம்பது. கூட்டினா ஒம்பது" என்று ஒரே மூச்சில் ஒப்பித்தேன்.

அப்பாவின் முகத்தைப் பார்த்த பிறகுதான் ஏதோ தப்பு செய்துவிட்டேன் என்று தெரிந்தது. சர்வேயர் கோபப்படவில்லை. படிவத்தைப் பைய மடித்து அப்பாவிடமே திருப்பிக் கொடுத்தார். "உங்க மேல தப்பே இல்ல. இல்லாத தப்ப ஏன் இழுத்துப் போட்டுக்கிடுதிய? பொய்யின்னு தெரிஞ்சா க்ளெய்மும் போயிரும். வேற ஃபாரம் தாரேன், நடந்தத எழுதுங்க. இடிச்சவரு லைசென்ஸ் நகல் ஒண்ணு வாங்கி வச்சிருங்க, போதும்."

இரண்டு நாள் அப்பா போனைச் சுற்றிச் சுற்றி வந்தார். மூன்றாம் நாள் மாப்பிள்ளைக்கே போன் செய்தார். குரலை இவ்வளவு தாழ்த்தி அவர் பேசி நான் கேட்டதில்லை. வெறும் சம்பிரதாயம்தான், ஒரு நகல் போதும், உங்களுக்கு ஒரு சங்கடமும் வராது என்று சொல்லிக்கொண்டே வந்தவர், திடீரென்று நிறுத்தினார். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"எங்க வண்டி உருண்டு வந்துச்சா? எங்க தெருவுல சரிவே கிடையாதே மாப்பிள்ள" என்றார்.

பிறகு போனை வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். புதுப் படிவத்தை எடுத்தார். நடந்ததை ஒரு வரி விடாமல் எழுதினார். எதிர் வண்டியின் எண் கட்டத்துக்கு வந்ததும் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்.

மறுநாளே கல்யாணத் தரகர் வந்துவிட்டார். வண்டிக்கு வழக்குப் பேசுகிற வீட்டில் பெண் எடுக்க நாங்குநேரிக்காரர்களுக்கு விருப்பமில்லையாம். அம்மா என் முதுகில் ஒன்று வைத்தாள். "அந்நேரம் உன் வாயில ஒரு கொழுக்கட்டைய வச்சு அடைச்சிருக்கணும். இனி இவளுக்கு எங்க போய்த் தேட?" என்று அழுதாள். அப்பா என்னைத் திட்டவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

காருக்குப் புது விளக்கு வந்துவிட்டது. அத்தையின் வாழ்க்கையைத்தான் நான் உடைத்துவிட்டதாக எனக்குத் தோன்றியது. இரண்டு வருஷம் கழித்துத் திருச்செந்தூரில் ஒரு நல்ல மனிதர் அவளைக் கல்யாணம் செய்துகொள்ளும் வரை, என்னால் அவள் முகத்தை நேராகப் பார்க்க முடிந்ததில்லை. வண்டி எண்களைக் கூட்டுவதையும் அன்றோடு விட்டுவிட்டேன்.

தரகர் வந்துபோன அன்று சாயங்காலம் நான் முருங்கை மரத்தடியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன். அத்தை வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். என் கண்ணைத் தன் முந்தானையால் துடைத்தாள். "ஒம்பது வந்தா நல்லது நடக்கும்னு நீதானட்டி சொன்ன?" என்றாள். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். அழுகிற பிள்ளையைத் தேற்றுவதற்காகச் சிரிக்கிறாள் என்று நினைத்து இன்னும் சத்தமாக அழுதேன். இன்சூரன்ஸ்காரர்கூட என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். அத்தையிடம்தான் ஒருவரும் எதுவும் கேட்கவில்லை. சொல்வதற்கு அவளிடம் இருந்த ஒரே பதிலை, சர்வேயர் வந்த அன்று காலையில் தலை பின்னும்போது, இரண்டு தடவை சொல்லிப் பார்க்கவைத்து என் வாயில் கொடுத்தனுப்பியிருந்தாள்.