ஸ்ரீ போட்ட கோப்பு

இன்று காலை சின்னதாக ஒரு புரோகிராம் எழுத உட்கார்ந்தேன். ‘ஓப்பன்’ என்று அடித்ததுமே, நிரல் எழுதும் எடிட்டர் மென்பொருள் தானாக அதன் பின்னால் ஒரு ‘டபிள்யூ’வைப் போட்டுவிட்டு நின்றது. கை தன்னால் பின்வாங்கியது. அந்த நேரம் பார்த்து சமையலறையிலிருந்து டிகாஷன் வாசனை வேறு. வரதன் நினைவுக்கு வந்துவிட்டான்.

உங்களுக்கு இந்தத் தொழில் தெரியாது, அதனால் சொல்கிறேன். கோப்பைத் திறக்கும்போதே எதற்கென்று சொல்லிவிட வேண்டும். ‘ஆர்’ என்றால் படிக்க, ‘டபிள்யூ’ என்றால் எழுத. ஆனால் எழுதுவதற்கு முன் உள்ளே இருப்பதையெல்லாம் துடைத்துவிடும். ஒரு வார்த்தை கேட்காது.

அப்போது ஸ்ரீரங்கத்தில், காபிப்பொடிக் கடை மாடியில் எனக்கும் வரதனுக்கும் ஆபீஸ். கோப்பு திறக்கவென்றே நான் ஒரு மாட்யூல், தனியாக ஒரு துணை நிரல், எழுதி வைத்திருந்தேன். இருக்கிற கோப்பை அழிக்கப் போனால் அது முரண்டு பிடிக்கும். எனக்கு அதில் தலைகால் புரியாத பெருமை. வரதனுக்கோ மொழியோடு வந்த வெறும் ‘ஓப்பன்’ போதும். “கதவத் தொறக்க கை போறும்டா. நீ வாட்ச்மேன் வெச்சு யூனிஃபார்மும் தெச்சுக் குடுத்திருக்கே” என்பான்.

அவனுக்கு இன்னொரு பழக்கம். மளிகைச் சீட்டானாலும் உச்சியில் ‘ஸ்ரீ:’ போடாமல் எதையும் தொடங்கமாட்டான்.

நினைவு தெரியும் முன்பே அம்மாவை இழந்தவன். அவளைப் பற்றி அப்பா சொல்லச் சொல்ல டைப் அடித்து வைத்திருந்தான். பிறகு அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து பேச்சு போய்விட்டது. அதை அச்சடித்து அவர் கையில் கொடுத்துவிட வேண்டும் என்று இவனுக்குத் தவிப்பு.

“அந்தக் கோப்புக்கு இன்னொரு காப்பி எடுத்து வெச்சியா?” என்று கேட்டேன்.

“எடுக்கலாம்டா, எங்க ஓடிடப் போறது.”

பக்கம் பிரிக்க ஒரு புரோகிராம் எழுதினான். முதல் வேலை, அந்தக் கோப்பைத் திறந்து உச்சியில் ‘ஸ்ரீ:’ போடுவது. புதுக் கோப்பே தொடங்கிப் பழகிய விரல், ‘டபிள்யூ’வை அடித்துவிட்டது. கம்ப்யூட்டர் முணுமுணுக்கக்கூட இல்லை. அந்த அமைதிதான் எனக்கு இன்னமும் பயம். திறந்து பார்த்தால் ‘ஸ்ரீ:’ இருந்தது. கீழே வெறும் வெள்ளை. என்னென்னவோ செய்து பார்த்தோம், திரும்ப வரவில்லை.

சாயங்காலம் அவன் வீட்டுக்குக் கூடவே போனேன். லேப்டாப்பைப் பார்த்ததும் அப்பா இடது கையை அசைத்தார். படி என்று அர்த்தம். வரதன் திரையைப் பார்த்து “ஸ்ரீ” என்றான். அப்பா மீதிக்காகக் காத்திருந்தார்.

வாசலுக்கு வந்து சொன்னான்: “அப்பா சொன்னத டைப்தான்டா அடிச்சேன். காதுல வாங்கவே இல்ல.”

காபிப்பொடிக் கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. அவன் அப்பாவும் போய்விட்டார். அந்த அம்மாவைத் தெரிந்தவர்கள் இனி யாருமே இல்லை.