இரும்புக் குழியில் உதிர்ந்த மண்

மழை விட்ட மறுநாள் ஈர இரும்பின் வாடையும் வௌவால் எச்சத்தின் நெடியும் சேர்ந்து மூக்கில் ஏறினால், இந்த வயதிலும் என் கால் ஒரு அடி பின்னால் போய்விடும். கொல்லிமலையில் பழைய சுரங்கம் ஒன்றின் வாயில், வரிசையில் நின்ற இருபது பிள்ளைகளில் ஒருத்தியாக அந்த வாடையை முதலில் முகர்ந்தபோது எனக்குப் பதினோரு வயது. வெள்ளைக்காரர்கள் நாட்டைவிட்டுப் போக இன்னும் சில வருடங்கள் இருந்தன.

பேளுக்குறிச்சிக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் பள்ளிக்கூடத்தில் எல்லாப் பாடமும் இரண்டு தடவை நடக்கும். ‘மிஸ்ஸம்மா’ என்று நாங்கள் கூப்பிட்ட வெள்ளைக்கார டீச்சர் ஆங்கிலத்தில் சொல்ல, ஆறுமுகம் வாத்தியார் அதையே தமிழில் சொல்லுவார். மிஸ்ஸம்மாவுக்குத் தமிழ் தெரியாது. என் அப்பா சேலத்தில் ஒரு துரை பங்களாவில் சமையல்காரராக இருந்ததால், பிள்ளைகளில் எனக்கு மட்டும் வாத்தியார் வாய் திறப்பதற்கு முன்பே பாதி விளங்கிவிடும். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

முன்னொரு காலத்தில் யாரோ இரும்புக்கல் வெட்டியெடுத்து, பிறகு கைவிட்டுப்போன அந்த ‘இரும்புக் குழி’யை எங்களுக்குக் காட்ட வேண்டும் என்பது மிஸ்ஸம்மாவின் நெடுநாள் ஆசை. விடியலில் கிளம்பி உச்சிவேளைக்குப் போய்ச் சேர்ந்தோம். குழி என்பது பேச்சுக்குத்தான். மலையின் விலாவில் ஆள் குனிந்து நுழையும்படி குடைந்திருந்தார்கள். உள்ளேயிருந்து சிவப்புத் தண்ணீர் சத்தமில்லாமல் கசிந்துகொண்டிருந்தது. வழியெல்லாம் பாடிவந்த பிள்ளைகள் தாமாகவே வாய் மூடிக்கொண்டார்கள்.

பக்கத்துச் சாமைக் காட்டிலிருந்து மலைக்காரர் ஒருவர் ஓடிவந்து சுரங்க வாயை மறித்து நின்றார்.

“ஏனுங்க வாத்தியாரே, உள்ள போவாதீங்க. மூணு நாள் மழையில மேல்மண்ணு ஊறி உதுந்துக்கிட்டே இருக்குதுங்க. காத்தால ஒரு கல்லு உழுந்த சத்தம் காடு வரைக்கும் கேட்டுதுங்க.”

என்ன சொல்கிறார் என்று மிஸ்ஸம்மா கேட்டார். அவரிடம் வேண்டாம் என்று ஒரு சொல் சொல்ல வாத்தியாருக்கு என்றைக்குமே வந்ததில்லை. “உள்ளே போனால் இவர்கள் சாமிக்குக் கோபம் வருமாம்” என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

மிஸ்ஸம்மா அந்த மனிதரைப் பார்த்து அன்பாகச் சிரித்துவிட்டு லாந்தரைக் கையில் எடுத்தார். நான் வாயெடுத்தேன்.

“வரிசையில நில்லு கண்ணு” என்றார் வாத்தியார், மெதுவாகத்தான். நின்றேன்.

வரிசையாக உள்ளே நுழைந்து இருபது அடி போனதும் என் பிடரியில் ஏதோ பொடிப்பொடியாக விழுந்தது. துடைத்துப் பார்த்தால் செம்மண். முன்னால் போன என் சிநேகிதி பாவாயியின் கூந்தலிலும் அது விழுந்துகொண்டிருந்தது. எங்கோ உள்ளே ஒரு கல் உருண்டு நின்றது.

“நாட் காட், மிஸ்” என்று கத்தினேன். “ஸ்டோன். ஹீ டோல்டு ஸ்டோன்.”

மிஸ்ஸம்மா திரும்பி வாத்தியாரைப் பார்த்தார். அவர் தலையைக் குனிந்துகொண்டார். அடுத்த கணம் எல்லோரும் வெளியே ஓடினோம். வெளிச்சத்தில் எண்ணிப் பார்த்தபோது பாவாயி இல்லை. நாங்கள் எண்ணி முடிப்பதற்குள் அந்த மலைக்காரர் உள்ளே போயிருந்தார். பாவாயி மட்டும் வெளியே வந்து விழுந்தாள். அவளுக்குப் பின்னால் மலை இடிந்து, புழுதி எங்கள்மீது கவிந்தது.

அவருடைய ஆட்கள் மண்ணை வாரி அவரை வெளியே எடுத்து, மூங்கிலில் துணி கட்டித் தூக்கிப்போனார்கள். 

ஒரு மாதம் கழித்து, அந்த மலைக்காரர் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியதும் மிஸ்ஸம்மா அவரைப் பார்க்கப் போனார். பேச்சை மொழிபெயர்த்துச் சொல்ல இம்முறை என்னைக் கூட்டிப்போனார். வாத்தியார் ஒரு மூட்டை அரிசியைச் சுமந்துவந்து, குடிசைக்கு வெளியே நின்றுகொண்டார். உள்ளே படுத்திருந்தவருக்கு வலது முழங்காலுக்குக் கீழே ஒன்றும் இல்லை. மிஸ்ஸம்மா அழுதுகொண்டே நெடுநேரம் பேசினார். மன்னிக்கச் சொல்கிறார் என்றேன்.

படுத்திருந்தவர் என்னையே பார்த்தார். “நான் சொன்னதை அந்த வாத்தியாரு அம்மாகிட்டச் சொன்னாரா, கண்ணு?”

வெளியே வாத்தியாரின் நிழல் அசையாமல் இருந்தது.

“சொன்னாருங்க” என்றேன்.

அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். என்ன கேட்டார் என்று மிஸ்ஸம்மா கேட்டபோது, பாவாயி சுகமா என்று கேட்கிறார் என்றேன். சொல்லிவிட்ட பிறகு இரண்டையும் திருப்பி எடுக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

போன வருடம் பஸ்ஸில் மலையேறிப் போனேன். பள்ளிக்கூடம் மூடிப் பல காலமாகிறது. நாங்கள் நடந்த தடம் புதரில் மறைந்துவிட்டது. குழி இருந்த சரிவு எது என்றுகூட அடையாளம் தெரியவில்லை. அந்தக் காலத்தில் கால் போன ஒருவரைப் பற்றிக் கடைக்காரப் பெண்ணிடம் விசாரித்தேன்.

“பேரு சொன்னீங்கன்னா கேட்டுப் பாக்கலாங்க” என்றாள்.

அவர் பெயரை நாங்கள் கேட்டுக்கொள்ளவே இல்லை.