மூன்று ஸ்பேடுக்கு மேல்

சீட்டாட்டத்தில் அனுசுயா அவசரப்பட்டு ஏலம் கேட்கிறவர் இல்லை என்பது கன்டோன்மென்ட் பக்கத்து அந்த கிளப்பில் எல்லோருக்கும் தெரியும். பாலக்கரையில் ஓர் இன்சூரன்ஸ் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. செவ்வாய்க்கிழமை மதியமானால் ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ் ஏறி பிரிட்ஜ் ஆட வந்துவிடுவார். அவருடைய கூட்டாளி சிவசங்கர், துவாக்குடியில் பேராசிரியராக இருந்தவர்.

பல வருடமாகச் சேர்ந்து ஆடுகிற இருவருக்கும் ஒரே ஒரு விஷயத்தில்தான் ஒத்துப்போனதில்லை. பிரிட்ஜில் ஆட்டம் தொடங்குமுன் எத்தனை பிடி எடுப்போம் என்று ஏலம் கேட்க வேண்டும். பலமில்லாத கையில் ஒரே ஜாதிச் சீட்டு ஏழு சேர்ந்துவிட்டால், சிலர் எடுத்த எடுப்பிலேயே மூன்று ஸ்பேட் என்று உயரத்துக்குப் போய்விடுவார்கள். மற்றவர்கள் தங்களுக்குள் நிதானமாகக் கேட்டுப் பார்க்க இடம் இருக்காது.

"நம்ம வாயை அடைக்கத்தானே அப்படிக் கேக்கறாங்க? பேசாம இருந்தா அவங்க நெனச்சது நடந்துடுது" என்பார் சிவசங்கர்.

"நாலுக்குப் போய் அடி வாங்கறதுக்கு இது தேவலை சார்" என்பார் அனுசுயா.

அன்று எதிரே லூர்துவும் ஷாஜியாவும். லூர்து சீட்டைப் பிரித்துப் பார்த்ததும் மூன்று ஸ்பேட் அட்டையை மேஜையில் வைத்தார்; கிளப்பில் ஏலத்தை வாயால் சொல்லாமல் அட்டை வைத்துத்தான் கேட்பார்கள். அடுத்து சிவசங்கரின் முறை. அப்படிக் கேட்ட பிறகு கொஞ்சம் நிதானிப்பது வழக்கம்தான். ஆனால் அவர் அட்டைப் பெட்டிமேல் கையை வைத்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். கடைசியில், கேட்கவில்லை என்பதற்கான பாஸ் அட்டையை எடுத்து வைத்தார். ஷாஜியாவும் பாஸ்.

அனுசுயாவிடம் ஆறு ஹார்ட்ஸும், வேறு ஜாதியில் ஓர் ஏஸும் இருந்தன. வேறு எந்த நாளிலும் அவர் பாஸ் சொல்லியிருக்கக்கூடிய கை. ஆனால் சார் இவ்வளவு யோசித்திருக்கிறார், அவரிடம் நல்ல சீட்டு இருக்கிறது, கேட்கலாமா வேண்டாமா என்று தவித்துத்தான் விட்டிருக்கிறார் என்று மனசு சொல்லிவிட்டது. கூட்டாளியின் தயக்கத்தைப் பார்த்து ஆடக் கூடாது என்பது விதி. இதற்காக மற்றவர்களை அவரே கண்டித்திருக்கிறார். இருந்தும் நான்கு ஹார்ட்ஸ் அட்டையை எடுத்து வைத்தார்.

"சார் ரொம்ப யோசிச்சாரு மேடம்" என்றார் லூர்து தணிந்த குரலில். "சொல்லி வெச்சுக்கறேன். அப்புறம் பாத்துக்கலாம்."

"சரிங்க" என்ற அனுசுயாவின் முகம் சூடேறியது. தோற்றால் அபராதம் கூடும்படி ஷாஜியா டபுள் கேட்டார். எல்லோரும் பாஸ்.

ஏலம் எடுத்தவரின் கூட்டாளி கையைத் திறந்து வைக்க வேண்டும் என்பதால் சிவசங்கர் தன் சீட்டுகளை மேஜையில் பரப்பினார். ஒரு ராணி, ஒரு ஜாக்கி, மற்றதெல்லாம் சில்லறை. யோசிப்பதற்கு அந்தக் கையில் ஒன்றுமே இல்லை. அதோடு ஹார்ட்ஸும் டைமண்டும் ஒரே வரிசையில் கலந்து கிடந்தன.

"சார், சிவப்பு ரெண்டும் கலந்திருக்கு" என்றார் ஷாஜியா.

சிவசங்கர் குனிந்து பார்த்தார். எது தப்பு என்று அவருக்குத் தெரியவில்லை. லூர்துதான் கை நீட்டி, பதமாகப் பிரித்து அடுக்கினார். அதற்குப் பிறகு தயக்கத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. கேட்டதற்கு நான்கு பிடி குறைந்தது. லூர்து ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட அனுசுயாவுக்குத் தேவலாம்போல் இருந்தது.

ஆட்டம் முடிந்ததும் வாசல் வேப்பமரத்தடியில் சிவசங்கரிடம் கேட்டார். "எதுக்கு சார் அவ்வளவு நேரம்?"

"பாஸ் அட்டை எதுன்னு தெரியல, அனுசுயா." அவர் தெருவைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "பொங்கலுக்கு முன்னாலேர்ந்து அப்பப்ப இப்படி ஆகுது. வீட்ல சொல்லிடாதீங்க. இங்க வர்றதையும் நிறுத்திடுவாங்க."

அனுசுயா இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு சிவசங்கரின் மனைவி மகாலட்சுமிக்குப் போன் செய்தார்.

"எனக்குத் தெரியும்மா" என்றார் மகாலட்சுமி. "கேஸை மூடாம விட்டாரு, ஏடிஎம் நம்பரை மறந்தாரு. சீட்டாட்டத்துல மட்டும் தெளிவா இருக்காருன்னு நெனச்சு அனுப்பிட்டிருந்தேன். அங்கயுமா?"

சிவசங்கர் அதன் பிறகு வரவில்லை. அனுசுயா லூர்துவிடம் போய், சாருடைய தயக்கத்தைப் பார்த்துத்தான் கேட்டதாகச் சொன்னார். "அடி வாங்கினது நீங்கதானே மேடம், விடுங்க" என்று சிரித்துவிட்டார் அவர். சார் உடம்பு சரியில்லாமல் உட்கார்ந்திருந்த அந்த நேரத்தில், அவரிடம் என்ன சீட்டு இருக்கிறது என்றுதான் தான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்ததை அனுசுயா யாரிடமும் சொல்லவில்லை.

ஆடி மாதத்தில் ஒருநாள் தில்லைநகர் வீட்டுக்குப் போனார். உள்ளறைக் கதவு சாத்தியிருந்தது.

"நீங்க வந்திருக்கீங்கன்னு சொன்னேம்மா" என்றார் மகாலட்சுமி, காபியை நீட்டியபடி. "நீங்கதான் போன் பண்ணீங்கன்னு மட்டும் அவருக்கு மறக்க மாட்டேங்குது."

அனுசுயா காபியைக் குடித்து முடிக்கும்வரை கதவு திறக்கவில்லை. வாங்கி வந்திருந்த மலைப்பழத்தை மேஜையில் வைத்துவிட்டு, "போயிட்டு வரேங்க" என்று கதவுக்கும் கேட்கும்படியாகச் சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டார்.