கையைக் காட்டுங்கக்கா

1. சனிக்கிழமை மத்தியானம்

முதலாளி அந்தச் சேலையை என் மேசை மேல் போட்டார். போட்டார் என்று எழுதுவது மரியாதைக்கு. வீசினார்.

"இன்னாக்கா இது?"

சந்தனக் கலர் முகூர்த்தச் சேலை, அரக்கு பார்டர். முந்தியில் ஜரிகை ஆரம்பிக்கிற இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு எண்ணெய்க் கறை. வெளியே கடையில் பெண் வீட்டார் காத்திருந்தார்கள். கல்யாணப் பெண் சேலையைத் தோளில் போட்டுக் கண்ணாடி முன்னால் நின்றபோதுதான் கறை கண்ணில் பட்டிருக்கிறது. பெண்ணின் அம்மா "அபசகுனம்" என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டு எழுந்துவிட்டார்களாம்.

என் பெயர் ரோஸ்லின். ஆரணியில் ஒரு பட்டு ஜவுளிக் கடையில் இருபத்தாறு வருஷம் செக்கிங் வேலை பார்த்து, இப்போது ரிட்டயர் ஆகி வீட்டில் இருக்கிறேன். எல்லாருக்கும் நான் ரோசக்கா. "பேருக்கேத்த ரோசம்" என்று முதலாளி கிண்டல் பண்ணுவார். உண்மைதான், எனக்குக் கோபம் மூக்கு மேல் இருக்கும். புதிதாகச் செக்கிங் வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு இதை எழுதுகிறேன். வேலை கற்றுக்கொடுக்க அங்கே ஆள் இருக்கிறார்கள். இதை யாரும் சொல்லித்தர மாட்டார்கள்.

வேலை என்னவென்றால், நெசவாளிகள் முதலாளியிடம் பாவு, அதாவது தறியில் நீளவாட்டில் கட்டுகிற இழை, வாங்கிப் போய் வீட்டுத் தறியில் சேலை நெய்து கொண்டுவருவார்கள். அதை நான் மேசையில் விரித்து முழம் முழமாகப் பார்க்க வேண்டும். இழை அறுந்திருக்கிறதா, புட்டாப் பூ எங்கேயாவது விட்டுப் போயிருக்கிறதா, கறை உண்டா. நான் கையெழுத்துப் போட்டால் சேலை ஷோரூமுக்குப் போகும். இல்லாவிட்டால் நெய்தவர் தலையில் விடியும்.

முதலாளி கஸ்டமர்களிடம் ஒரு வசனம் வைத்திருந்தார். "நம்ம கடையில செக்கிங் யாரு? கிறிஸ்டியன் அம்மா. பொய்யே வராது வாயில." அதைக் கேட்கும்போது எனக்கு உச்சி குளிர்ந்துபோகும். ஏன் மறைக்க வேண்டும்?

அன்றைக்கும் கோபத்தில்கூட அப்படித்தான் கேட்டார். "நீங்க பாக்கும்போது இது இருந்துச்சாக்கா?"

நான் குனிந்தேன். கறை மேல் மூக்கை வைத்தேன். அது தறி எண்ணெய் வாசனை இல்லை.

2. வியாழக்கிழமை என்ன நடந்தது

என் ஹேண்ட்பேகில் ஜெப எண்ணெய் ஒரு சின்ன பாட்டில் எப்போதும் இருக்கும். கண் மருந்து பாட்டிலை விடக் கொஞ்சம் பெரிசு. ஒரு உபவாசக் கூட்டத்தில் ஜெபித்துக் கொடுத்த ஆலிவ் எண்ணெய், அதில் லேசாக ஏதோ வாசனை சேர்த்திருந்தார்கள். தினமும் காலையில் முதல் சேலையை விரிப்பதற்கு முன் ஒரு சொட்டு விரலில் தொட்டு மேசை ஓரத்தில் வைப்பேன். "ஆண்டவரே, இன்னிக்கி என் கண்ணுக்கு ஒரு தப்பும் தப்பக் கூடாது" என்று ஜெபிப்பேன். கூட வேலை செய்கிறவர்கள் பார்க்க வேண்டும் என்றும் ஒரு ஆசை இருந்தது. அதுவும் உண்மை.

அந்த வியாழக்கிழமை மூடி கோணலாக மாட்டியிருந்தது. பாட்டில் சாய்ந்து பாதி எண்ணெய் மேசையில் கொட்டிவிட்டது. ஜல்தியாக வேஸ்ட் துணியால் துடைத்தேன், கையையும் துடைத்தேன். கரண்ட் வேறு இல்லை. மங்கலான இன்வெர்ட்டர் லைட்டில் சேவூர் நெசவாளி தணிகாசலம் கொண்டுவந்த சந்தனக் கலர் சேலையை விரித்தேன். முந்தியை நீவிவிட என் இடது கை எந்த இடத்தில் பதியுமோ, சரியாக அந்த இடத்தில்தான் சனிக்கிழமை கறை இருந்தது.

இப்போது புரிகிறதா? கறை அவர் தறியில் விழவில்லை. என் கையில் இருந்து விழுந்தது.

முதலாளி பதிலுக்குக் காத்துக்கொண்டு நின்றார். நான் சொன்னேன், "வியாழக்கெழம கரண்ட் இல்ல மொதலாளி. இன்வெர்ட்டர் லைட்டுல ஒண்ணும் தெரியல."

அந்தப் பதிலில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அதுதான் கேவலம்.

"சரி வுடுங்க, ரோசக்கா பொய் சொல்லாது" என்றார் முதலாளி. "தறி மேல இருக்கற ஜக்கார்டு மெசினு ஆயில் தான் இது. இந்தத் தணிகாசலத்துக்கு எத்தினி தபா சொல்றது, மேல ஆயில் வுட்டா கீழ துணி போட்டு மூடுன்னு."

பெண் வீட்டாருக்கு வேறு சேலை எடுத்துக் கொடுத்துக் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பினார். சாயங்காலம் தணிகாசலத்தை வரச்சொல்லி, எல்லார் முன்னாலும், "இனிமே உனக்குப் பாவு கெடையாது" என்று சொல்லிவிட்டார். அதோடு விடவில்லை. ஃபோனை எடுத்து இன்னும் இரண்டு மூன்று கடைக்காரர்களிடம், "ஆயில் கை, பாத்துக்கோங்க" என்றார்.

ஆயில் கை என்று பெயர் வந்துவிட்டால் எங்கள் ஊரில் அந்த நெசவாளிக்கு வெளிர் கலர் பாவு யாரும் தரமாட்டார்கள். கொஞ்ச நாளில் எந்தக் கலரும் வராது. தறியைப் பிரித்து ஓரமாக வைத்துவிட்டு வாட்ச்மேன் வேலைக்கு மெட்ராஸ் பஸ் ஏற வேண்டியதுதான்.

தணிகாசலம் தன் இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். நான் பக்கத்தில் நின்று ஒரு சேலையை மடித்துக்கொண்டிருந்தேன். ஒரே சேலையை மூன்று தரம் மடித்தேன்.

3. சாட்சி நேரம்

அன்றைக்கு ராத்திரி படுத்தேன், எழுந்தேன், படுத்தேன். ஞாயிறு காலையில் எனக்கு நானே ஒரு விளக்கம் கண்டுபிடித்துவிட்டேன். ஆபத்து வந்தது, ஆண்டவர் விலக்கிவிட்டார். எவ்வளவு சௌகரியம் பாருங்கள்!

எங்கள் சபை சின்னது, மேலே ஷீட் போட்ட கட்டடம். பாட்டு முடிந்ததும் பாஸ்டர் "சாட்சி சொல்றவங்க வரலாம்" என்பார். நான் முதல் ஆளாக எழுந்து மைக்கைப் பிடித்தேன்.

"இந்த வாரம் வேலை செய்ற எடத்துல எனக்கு ஒரு பெரிய சோதனை. என் மேல பழி வந்திருக்கணும். என் வேலையே போயிருக்கணும். ஆனா கர்த்தர் என் தலையைக் குனிய விடல. ஒரு சேதமும் இல்லாம காப்பாத்தினார்." அழுதுகொண்டே சொன்னேன். சபை "ஸ்தோத்திரம்" என்றது.

ஆராதனை முடிந்து செருப்பு மாட்டப் போனேன். எங்கள் சபையில் சேவூரிலிருந்து வருகிற லில்லி, கூட ஒரு பெண்ணை அழைத்துக்கொண்டு வந்தாள். நெற்றியில் குங்குமம், நாற்பது வயது இருக்கும்.

"அக்கா, இவங்க பச்சையம்மா, எங்க பக்கத்து வூடு. மனசு கஷ்டமா இருக்குன்னு சொல்லிகினு இருந்தாங்க. ஜெபத்துக்கு வாங்கன்னு நான்தான் இட்டாந்தேன்."

அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க மைக்குல சொன்னது எனக்குன்னே சொன்ன மாதிரி இருந்துச்சிக்கா. எங்க வூட்டுக்காரரு தறி நெய்றாரு. சேலையில ஆயில் பட்டுடுச்சின்னு பாவ நிறுத்திட்டாங்க. நேத்துலேர்ந்து ஒரு வாய் சோறு துன்னல அந்த மனுசன். உங்க பேச்ச உங்க சாமி கேக்குது. உங்களக் காப்பாத்தின மாதிரி எங்களையும் காப்பாத்தச் சொல்லி ஒரு வார்த்த கேளுங்கக்கா."

கேட்டுக்கொண்டே என் கையைத் தூக்கித் தன் தலை மேல் வைத்துக்கொண்டார். இடது கை.

எனக்கு ஜெபம் வரவில்லை. லில்லி என்னவோ நான் ஆவியில் நிறைந்துவிட்டேன் என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

கையை உருவிக்கொண்டு வீட்டுக்கு ஓடிவந்தேன். ஓடி என்றால் ஓடித்தான். செருப்பு மாறிப்போனது வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

4. சேவூர்

சமைத்தேன், சாப்பிடவில்லை. துணி துவைத்தேன், துவைத்த துணியையே திரும்பவும் ஊறவைத்தேன். "இன்னாடி பேஜாரு உனக்கு, குந்தவே மாட்டேன்ற?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார். இரண்டு மணிக்கு டவுன் பஸ் பிடித்துச் சேவூருக்குப் போய் லில்லியிடம் வழி கேட்டுப் பச்சையம்மா வீட்டு வாசலில் நின்றேன்.

தணிகாசலம் ஸ்டூல் மேல் ஏறி நின்றுகொண்டிருந்தார். தறி உச்சியில் இருக்கிற ஜக்கார்டைப் பாதி பிரித்துப்போட்டிருந்தார். கீழே பாவு இல்லாத தறியில் வெள்ளை வேட்டி ஒன்று விரித்திருந்தது. ஒவ்வொரு பாகமாகத் துடைப்பதும், ஜக்கார்டை ஆட்டுவதும், இறங்கி வந்து வேட்டியைப் பார்ப்பதுமாக இருந்தார்.

"வாங்கக்கா" என்றார். முகத்தில் கோபமே இல்லை. "எங்கேர்ந்து கொட்டிச்சின்னே புரியல. காலையிலேர்ந்து ஆட்டி ஆட்டிப் பாக்கறேன், ஒரு சொட்டு வுழல. கண்ணு தெரியாம போச்சோ இன்னாவோ. எம் மேலயே எனக்கு நம்பிக்க போச்சிக்கா."

இல்லாத ஓட்டையை அந்த மனுஷன் தேடிக்கொண்டிருக்கிறார். அதைப் பார்த்ததும் எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருந்தது.

"எறங்குங்க தணிகாசலம்" என்றேன். "அது உங்க ஆயில் இல்ல. என் பேக்ல இருந்த ஜெப எண்ணெய். என் கையில பட்டு உங்க சேலைக்கு வந்தது. சனிக்கெழமையே எனக்குத் தெரியும். தெரிஞ்சே வாய மூடிகினு இருந்தேன்."

அவர் மெதுவாக இறங்கினார். விரித்த வேட்டியை எடுத்து மடித்தார். பக்கத்தில் நின்ற பச்சையம்மாதான் பேசினார்.

"அப்ப காலையில உங்க சாமி காப்பாத்திச்சின்னு அழுதீங்களே அக்கா. எங்கள மாட்டிவுட்டுட்டா உங்களக் காப்பாத்திச்சி?"

"எங்க சாமி அப்படிச் செய்யலம்மா. நான் செஞ்சேன். செஞ்சுட்டு அவர் பேரப் போட்டுட்டேன்" என்றேன். அழுகை வந்தது. அந்த வீட்டில் அழ எனக்கு உரிமை இல்லை என்று அடக்கிக்கொண்டேன்.

தணிகாசலம் கடைசியில் சொன்னார், "போங்கக்கா. இங்க சொல்லிட்டீங்க. நாளைக்கு அங்க சொல்றீங்களான்னு பாக்கலாம்."

5. திங்கட்கிழமை

முதலாளி கடைக்கு வந்து விளக்கேற்றி முடிக்கும்வரைகூட எனக்குப் பொறுமை இல்லை. பாட்டிலை மேசை மேல் வைத்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

அவர் பாட்டிலை எடுத்து முகர்ந்தார், கீழே வைத்தார். "சரி. அவனுக்குப் பாவு குடுத்துடலாம். மனசு எறங்கிட்டேன்னு சொல்லிக்கறேன். எண்ணெய் விஷயம் நமக்குள்ள இருக்கட்டும். கஸ்டமர் காதுக்குப் போனா கடை பேரு நாறிடும்."

"அவர்கிட்ட நேத்தே சொல்லிட்டேன் மொதலாளி."

"யாரக் கேட்டு சொன்னீங்க?" என்று கத்தினார்.

"யாரக் கேட்டு ஆயில் கைன்னு ஃபோன் போட்டீங்க?" என்று நானும் கத்தினேன். தப்பு செய்தவள் நான். கத்துகிறவளும் நான். சொன்னேனே, கோபம் மூக்கு மேல். "அந்தக் கடைக்காரங்களுக்கு இப்பவே திருப்பி ஃபோன் போடுங்க. ரோஸ்லின் கையில இருந்த எண்ணெய்னு என் பேரைச் சொல்லியே போடுங்க. அப்புறம் என்னை நிறுத்தறதுன்னா நிறுத்திடுங்க."

முணுமுணுத்துக்கொண்டே என் முன்னால் எல்லாருக்கும் போட்டார். வேலையிலிருந்து நிறுத்தவில்லை. ஆனால் செக்கிங் மேசையிலிருந்து தூக்கி, மடிப்புப் பிரிவில் சின்னப் பெண்களோடு உட்காரவைத்தார். மறுபடி மேசைக்கு வரப் பல மாதம் ஆனது. "கிறிஸ்டியன் அம்மா" என்கிற வசனத்தை அவர் அதற்குப் பிறகு யாரிடமும் சொல்லவில்லை. அது வலித்தது, ஒத்துக்கொள்கிறேன். தணிகாசலத்துக்கு அன்றைக்கே பாவு போனது.

அடுத்த ஞாயிறு ஆராதனைக்கு முன்னால் பாஸ்டரிடம் போய், போன வாரச் சாட்சியைத் திருப்பி வாங்க வேண்டும் என்றேன். அவர் பாவம், தர்மசங்கடப்பட்டார். "சிஸ்டர், அது உங்களுக்கும் ஆண்டவருக்கும் நடுவுல உள்ளது. சபையில எதுக்கு?"

"சொன்னது மைக்குலங்க பாஸ்டர். திருப்பி வாங்கறதும் மைக்குல தான்."

சொன்னேன். இந்தத் தடவை யாரும் "ஸ்தோத்திரம்" என்று சொல்லவில்லை. யாரோ இருமினார்கள். பாஸ்டர் அவசரமாகப் பாட்டை ஆரம்பித்தார். கடைசி வரிசையில் லில்லி பக்கத்து இடம் காலியாக இருந்தது. பச்சையம்மா அதற்குப் பிறகு எங்கள் சபைக்கு வரவே இல்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு இருப்புக்கொள்ளாது.

6. பிள்ளைகளுக்கு

எண்ணெய் பாட்டிலை வீட்டில் வைத்துவிட்டேன். எண்ணெய் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அது வீட்டில் ஜெபத்துக்கு இருக்கட்டும். மேசையில் வேண்டியது சோப்புத் தண்ணியும் சுத்தமான துண்டும்தான். கிறிஸ்டியன் என்று பெயர் எடுக்க நான் மேசைக்கு எண்ணெய் வைத்தேன். வாயைத் திறக்க வேண்டிய நேரத்தில் திறந்திருந்தால் அதுவே போதுமானதாக இருந்திருக்கும். நீங்கள் எந்தச் சாமி கும்பிட்டாலும் சரி, ஆபத்திலிருந்து தப்பித்தேன் என்று சந்தோஷப்படும் முன்னால், உங்களுக்குப் பதிலாக மாட்டினது யார் என்று ஒரு தடவை சுற்றிப் பாருங்கள்.

நான் மேசைக்குத் திரும்பின முதல் நாள் தணிகாசலம் சேலை கொண்டுவந்தார். பையிலிருந்து எடுத்தவர், கொடுக்காமல் மார்போடு பிடித்துக்கொண்டார்.

"கையக் காட்டுங்கக்கா" என்றார்.

வரிசையில் நின்ற மற்ற நெசவாளிகள் எல்லாரும் பார்த்தார்கள். முகம் சுட்டது. என் ரோசம் உங்களுக்குத் தெரியும். ஆனாலும் இரண்டு கையையும் விரித்து நீட்டினேன். அவர் குனிந்து பார்த்தார், முகர்ந்தும் பார்த்தார். அப்புறம்தான் சேலையை வைத்தார். நான் ரிட்டயர் ஆகும்வரை ஒரு தடவைகூட அவர் அதை விடவில்லை. நானும் முகம் சுளிக்கவில்லை.

சபையில் இப்போதும் கையை உயர்த்தித்தான் ஜெபிக்கிறேன். உயர்த்தினதும் முதலில் காதில் விழுவது தணிகாசலம் குரல்தான். கையைப் பார்த்துக்கொண்ட பிறகுதான் வாயைத் திறக்கிறேன்.